எஸ் சார், தேங்க்யூ சார்

கோபிகிருஷ்ணனின் கான்வென்ட் ஒரு காலத்தில் கோழிப்பண்ணையாக இருந்த இடம் என்பதை அந்தத் தெருவில் யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. கோழிகளுக்குச் சீக்கு வந்து பண்ணை படுத்துப்போன மறு வருஷம், ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, கம்பி வலைமேல் நீலத் தார்ப்பாய் கட்டி, வாசலில் இங்கிலீஷ் போர்டு மாட்டித் தானே கரஸ்பாண்டென்ட் ஆகிவிட்டான். மழைக்காலத்தில் மூன்றாம் வகுப்புப் பக்கம் இன்னும் லேசாக அந்த வாடை வரும். வந்தால் என்ன? புத்தூர் பஸ்ஸுக்கு நிற்காமல் தெருமுனையிலேயே டை கட்டிய பிள்ளை கிடைத்ததே, அது போதாதா.

கார்கில் சண்டை நடந்த வருஷம் அது. ஆந்திரத்தில் இருந்த அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு ஆள் குவைத்தில் இருந்தான். வீட்டில் தமிழ், மண்டல் ஆபீஸில் தெலுங்கு, இனிமேல் பிழைக்க இங்கிலீஷ் என்று எல்லோரும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பிரேமலதாவின் புருஷன் திருவேங்கடமும் அந்தக் கணக்கை நம்பித்தான் போனான். அவன் தகப்பன் காலம்வரை கையகல நிலம் சொந்தம் கிடையாது. யார் கொல்லை வேலைக்குக் கூப்பிட்டாலும் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ‘ஆவட்டும் சாமி’ என்று போன சனம். ஊரைவிட்டுக் கிளம்பின அன்றைக்குப் பிரேமலதாவிடம் அவன் வேறெதுவும் பெரிதாகச் சொல்லவில்லை.

“எங்க நைனா ஆவட்டும் சாமி, ஆவட்டும் சாமின்னே செத்தான். எனக்கும் அதே வாய்தான் வந்திச்சி. பொண்ணு வாயில அது வரக்கூடாது மே. இங்கிலீசு படிக்க வை.”

வைத்தாள். கடலை உரிக்கப் போனாள், நாற்று நடப் போனாள், மகள் நளினியின் வெள்ளை சாக்ஸை மட்டும் தனி சோப்பு போட்டுத் துவைத்தாள். அந்த சாக்ஸ் கொடியில் காய்வதைப் பார்த்தே பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவுக்கு வயிறு எரியும் என்பார்கள். சந்திரம்மாவின் பையன் அரசுப் பள்ளியில் தெலுங்கு மீடியம். ஆனாலும் வாய் மட்டும் அவளுக்குக் குறைச்சலில்லை.

நளினி ஐந்தாவதுக்கு வந்தாள். அந்தக் கான்வென்ட்டில் அதுதான் கடைசி வகுப்பு. ஆகையால் ஐந்தாவது பிள்ளைகளைக் கோபிகிருஷ்ணன் ஜவுளிக்கடை வாசல் பொம்மை மாதிரி வைத்திருந்தான். ஐந்தாவது இங்கிலீஷில் அவர்கள் படித்தவை: எதிர்ச்சொற்கள், உடம்பின் பாகங்கள், பசுவைப் பற்றி ஒரு கட்டுரை, அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை. ‘மை ஃபாதர்’ என்ற அந்தக் கட்டுரையைப் போர்டில் எழுதிப்போட, பிள்ளைகள் மொத்தமும் மனப்பாடம் செய்தார்கள். என் அப்பா உயரமானவர். ஸ்கூட்டரில் ஆபீஸுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கையைப் பிடித்துப் பார்க்குக்கு நடத்திக் கூட்டிப் போகிறார். நளினி அர்த்தம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த சந்திரம்மா, “அப்ப கிளாசுக்கே ஒரே நைனாவாடி?” என்று கேட்டாள். அன்று முழுக்கத் தெரு சிரித்தது.

இதெல்லாம் புஸ்தகப் பாடம். புஸ்தகத்தில் இல்லாத பாடம் ஒன்றும் இருந்தது. பிள்ளையைச் சேர்க்க யாராவது வந்தால், கோபிகிருஷ்ணன் ஐந்தாவதிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்தவர்கள் முன்னால் நிறுத்தி, மூச்சுவிடாமல் இங்கிலீஷில் கேள்வி கேட்பான். புரிகிறதோ இல்லையோ, பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, தயங்காமல் ‘எஸ் சார்’ என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் ‘தேங்க்யூ சார்’. யோசித்தால் சேர்க்க வந்தவர்கள் சந்தேகப்படுவார்கள் அல்லவா? யோசித்த பிள்ளைக்கும், ‘நோ’ என்ற பிள்ளைக்கும் அவர்கள் போனபிறகு விரல் முட்டியில் ஸ்கேல் விழும். கேள்வியும் அந்தப் பக்கம் யாருக்கும் புரியாது, பதிலும் புரியாது. பெற்றவர்கள் கண் கலங்கி அங்கேயே அட்மிஷன் போட்டுவிட்டுப் போவார்கள். இதில் நளினியை மிஞ்ச ஆளில்லை.

திருவேங்கடம் வெள்ளிக்கிழமைதோறும் துலுக்காணத்தின் எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணுவான். துலுக்காணம் பூத்துக் கதவைச் சாத்துவானே தவிரக் காதைச் சாத்தமாட்டான். யார் புருஷன் என்ன சொன்னான் என்பது பேசினவள் வீடு போய்ச் சேருமுன் தெருவுக்கு வந்துவிடும். நளினி போனில் ஒரு பாடம் ஒப்பிப்பாள். அந்தப் பக்கம் அவன் சிரிப்பது பூத்துக்கு வெளியே நிற்கிறவர்களுக்கே கேட்கும்.

அந்தப் போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம். எடுத்த துலுக்காணம் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, ரிசீவரை ஓரமாக வைத்துவிட்டு வெளியே வந்து, குவைத்திலிருந்து யாரோ துரை பேசுகிறான், எல்லாம் இங்கிலீஷாக இருக்கிறது, நடுவில் திருவேங்கடம் பேர் வந்தது, பிரேமலதாவைக் கூப்பிடுங்கள் என்றான். பிரேமலதா ஓடிவந்தாள். அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? “பொண்ணு கீதே” என்று சந்திரம்மாதான் முதலில் சொன்னாள். டையைக்கூடக் கழற்றாத நளினியை ஸ்டூல்மேல் ஏற்றி ரிசீவரைக் கையில் கொடுத்தார்கள்.

பூத்தைச் சுற்றித் தெருவே நின்றது. நளினி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் ரிசீவர், மற்ற கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. பார்வை கண்ணாடியில் ஒட்டியிருந்த கட்டண அட்டைமேல் நின்றது. அந்தப் பக்கம் குரல் நின்றதும் தயங்காமல், கணீரென்று, “எஸ் சார்” என்றாள். மறுபடி என்னவோ கேட்டார்கள். மறுபடி “எஸ் சார்.” கடைசியில் “தேங்க்யூ சார்.” போன் வைக்கப்பட்டது.

துலுக்காணம் கை தட்டினான். சந்திரம்மாவே திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். பிரேமலதாவுக்கு என்ன சேதி என்று தெரியாவிட்டாலும் நாலு பேர் முன்னால் முகம் பூரித்துத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நளினி சொன்னாள்: “நைனா நல்லா கீதாம்.”

வீட்டுக்குப் போகிற வழியில், “லெக்குன்னு ஒரு வார்த்தை வந்திச்சிம்மா” என்றாள்.

“லெக்குன்னா?”

“காலு.”

பிரேமலதா நின்றாள். போன வெள்ளிக்கிழமைதான் அவன் பொண்ணுக்கு ஷூ வாங்கி அனுப்புகிறேன், கால் அளவு சொல் என்று கேட்டிருந்தான். அதைத்தான் ஆள் வைத்துக் கேட்கச் சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறு எதையாவது நினைக்க அவளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய் ஒரு நூலால் நளினியின் பாதத்தை அளந்து முடிச்சுப் போட்டு வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தது. அவன் குரல்தான், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்தானாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டதாம். காலை எடுத்துவிட்டார்களாம்.

பிரேமலதா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எனக்கு அறிவு தப்பிப் போச்சி. அதுக்கு முன்ன, என்ன ஊருக்கு அனுப்பிடுங்கடா, எங்க ஊரு பக்கம் கட்டுப்போட ஆளு கீறாங்கன்னு கத்தினனாம். சரி, ஊட்ல ஒரு வார்த்த கேட்டுடலாம்னு கேட்டாங்களாம். எடுத்துடுங்கன்னு ஊட்ல சொல்லிட்டாங்களாம்.” பிறகு அவனே கேட்டான். “யாரு மே சொன்னது?”

நளினி ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கதவுக்கு வெளியே துலுக்காணம், சந்திரம்மா, இன்னும் ஏழெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் தெரியும்.

“நான்தான் சொன்னேன்” என்றாள் பிரேமலதா.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு கிண்ணம் குழம்பு போனாலும் மூன்றாவது வீட்டுக்குத் தெரிந்துவிடுகிற அந்தத் தெரு, இந்த ஒன்றை மட்டும் வெளியே விடவில்லை. பிரேமலதாமேல் இரக்கம் என்று சொன்னால் அது பாதிதான். அன்றைக்குக் கை தட்டினவர்கள் யார்? திருஷ்டி கழித்தவள் யார்? வாயைத் திறந்தால் அவரவர் பங்கும் சேர்ந்து வெளியே வருமே. கோபிகிருஷ்ணன் காதுக்கும் விஷயம் எட்டியது. அவன் அந்த வாரம் முழுக்கத் தெருப்பக்கமே வராமல் சுற்றுவழியாகப் போனான். பிறகு மறந்தவன்போல் வர ஆரம்பித்தான்.

திருவேங்கடத்தை மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து ஜீப்பில் கூட்டிவந்தார்கள். வழியில் புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற ஊர். அன்றைக்கும் வழக்கம்போல எங்கெங்கிருந்தோ வந்த பஸ்களிலிருந்து கையொடிந்தவனும் காலொடிந்தவனும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய காலை நீட்டிக்கொண்டு ஒருவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்த திருவேங்கடத்தின் கையை ஒட்டவைத்ததும் அதே கட்டுதான். ஜீப் அந்த இடத்தைத் தாண்டுகிறவரை அவன் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்று கூடப்போனவர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தவன் பிரேமலதாவோடு பேசவில்லை. சோறு வைத்தால் தின்றான், தண்ணீர் வைத்தால் குடித்தான். பார்க்க வந்தவர்களிடம் அவள் காதில் விழுகிறமாதிரி, ஊருக்கு அனுப்பியிருந்தால் எலும்பு ஒட்டியிருக்கும், வெச்சிக்கினு பார்க்க ஒருத்திக்குச் சோம்பல் என்றான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, காலைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று அவளே டாக்டரிடம் மெல்லக் கேட்டாள். அன்றைக்குப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும் என்று அவர் தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. போனில் என்ன கேட்டார்கள் என்பது நளினிக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நைனா கேட்டால் நீ வாயைத் திறக்கக்கூடாது என்று நளினியிடம் சொல்லி வைத்திருந்தாள். சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. அந்தப் பெண் வீட்டில் எந்தப் பாஷையிலும் வாயைத் திறப்பதை விட்டிருந்தது.

அறுவடை முடிந்த சமயம் கோபிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தான். கான்வென்ட் ஆண்டு விழாவாம். ‘மை ஃபாதர்’ நளினிதான் சொல்லப்போகிறாளாம், திருவேங்கடத்துக்கு முன்வரிசையில் நாற்காலியாம். அவனுக்குத்தான் எத்தனை துணிச்சல் என்று சந்திரம்மா சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுத்தாள். திருவேங்கடத்தின் முகத்தில் மட்டும், வந்ததிலிருந்து முதல்தடவையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. போனதற்கு இதாவது மிச்சமாயிற்றே. கோபிகிருஷ்ணன் போனதும் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எங்க, சொல்லு பாக்கலாம்.”

நளினி எதிரே வந்து நின்றாள். கை பின்னால் போனது, கண் சுவருக்குப் போனது. உயரமான அப்பா, ஸ்கூட்டர், பார்க்குக்கு நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் ஒரு இடறல் இல்லாமல் வந்தது. அவன் தலையாட்டிக் கேட்டான். பிறகு, அங்கே மேஸ்திரிகளிடமும் மலையாளிகளிடமும் பொறுக்கிய இங்கிலீஷை எடுத்து, விளையாட்டாக, வேகமாகக் கேட்டான்.

“ஃபாதர் அகெய்ன் குவைத் கோயிங், ஓகே?”

“எஸ் சார்.”

சிரித்தான். “அடிப் பாவி, அனுப்பிடுவியா? சரி, யூ ஈட்டிங் ஸ்டோன், எவ்ரிடே?”

“எஸ் சார்.”

இந்தமுறை அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மகளையே பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிரேமலதா தண்ணீர்க் குடத்தை இறக்கப் போனவள் இறக்காமல் நின்றாள்.

அவன் அதே விளையாட்டுக் குரலில், ஆனால் மெதுவாக, இருக்கிற காலைத் தொடாமல் கேட்டான்.

“திஸ் லெக் ஆல்ஸோ கட் பண்ணிங், ஓகே?”

நளினிக்கு அதில் ஒரு வார்த்தை தெரியும். கண் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. பழகின வாய் நிற்கவில்லை.

“எஸ் சார். தேங்க்யூ சார்.”

திருவேங்கடம் கையை நீட்டி அவள் கன்னத்தைத் துடைத்தான். விரலைப் பிடித்து முட்டிகளைத் தடவிப் பார்த்தான். அங்கே பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. “நல்லா சொல்ற. போ, போய் வெளாடு” என்றான். அவள் போனாள்.

அவள் தெருவில் இறங்கிய பிறகு, அடுப்படிப் பக்கம் திரும்பாமலே, ஊருக்கு வந்ததிலிருந்து பெண்டாட்டியிடம் பேசாத அவன் பேசினான்.

“நீயே சொன்னதா இருக்கட்டும்.”

குடம் இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. “ஆவட்டும்” என்றாள் பிரேமலதா.

சந்திரம்மாவுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள், இனி அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.