உள்ளது உள்ளபடியே

அவிநோவாம் கையில் மைக் சிக்கிவிடக் கூடாது என்பது எங்கள் குழுவில் எழுதாத சட்டம். எங்கள் நாட்டு ராணுவத்தின் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் விதத்தில் எங்களுக்குள் ஏகப்பட்ட கட்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அபார ஒற்றுமை. மனிதர் ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர். "ஒரே ஒரு கேள்வி" என்று எழுந்தால், நாற்காலி மடக்குகிற ஆள் வந்து நிற்கும்வரை கேள்விக்குறி வராது.

அவரிடம் போய் அன்று காலை நானே கெஞ்சினேன்: "பேசுங்க. தயவுசெஞ்சு நிறுத்தாமப் பேசுங்க."

ஹெப்ரோனுக்குத் தெற்கே ஒரு மொட்டைக் குன்றில் ஜிப்ரீனின் வீடு. அனுமதி வாங்காமல் கட்டியதாம். அரபுக்காரர்கள் கேட்டாலும் ராணுவம் தருவதில்லை என்பது வேறு கதை. இடிக்கும் இயந்திரம் வந்து உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் வக்கீல் ஓஸ்நாத் ஜெருசலேமில், தடை உத்தரவுக்காக நீதிபதியின் வாசலில் நின்றிருந்தாள். அவளுடைய போன் வரும்வரை இழுத்தடிக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்த படை: டெல் அவிவிலிருந்து வந்த நாலு பேர், அதில் இரண்டு முழங்கால் வலி, ஒரு அவிநோவாம்.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும், ஷிம்ரித்?"

"துருக்கி சுல்தான் போட்ட நிலச் சட்டத்துலேருந்து."

"நெஜமாவா?" அவர் கண் கலங்கிவிட்டது. யாரும் அவரை அப்படிக் கேட்டதே இல்லை.

இயந்திரத்துக்கு முன்னால் நின்று தொடங்கினார். சுல்தான் வந்தார், வரி ரசீது வந்தது, பிரிட்டிஷ்காரன் வந்தான். சிப்பாய்கள் கொட்டாவி விட்டார்கள். எங்கள் ஊர்களில் கான்கிரீட் போட்டே ஹீப்ரு கற்றுக்கொண்ட ஜிப்ரீன், பேராசிரியருக்கு டீ தம்ளரோடு வந்தார்.

"உஸ்தாதுக்குத் தொண்டை காயக் கூடாதும்மா. இப்ப எந்த வருஷத்துல இருக்காரு?"

"முதல் உலகப் போர்."

"நல்லது. இன்னும் நெறைய இருக்கு."

அவர் மனைவி வத்ஹா சாமானை வெளியே எடுக்க மறுத்துவிட்டாள். "தடை வரும்னு சொன்னீங்கல்ல? நானே மெத்தையைத் தூக்கி வெளிய போட்டா, இடின்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். சின்ன வயசு. பெயர் யொதாம்.

"ப்ரொபசர், போன சனிக்கிழமை டெல் அவிவ் ஊர்வலத்துல உங்க பின்னாடிதான் நின்னேன். கை தட்டுனேன்கூட. நீங்க சொல்றது எல்லாமே சரி. ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவிநோவாமின் வாய் திறந்தபடி நின்றது. மறுப்பவனுக்கு அவரிடம் அறுபது அடிக்குறிப்பு உண்டு. ஒத்துக்கொள்கிறவனுக்கு ஒன்றுமில்லை.

"பேசுங்க!" அவர் முதுகில் குத்தினேன்.

"ஒத்துக்கிட்டா... அப்புறம் ஏம்ப்பா செய்யிற?"

"நான் செய்யலைன்னா என்னைவிட மோசமானவன் வருவான் சார்."

"உஸ்தாத், பேசுங்க," என்றார் ஜிப்ரீன். "இங்கிலீஷ்காரன் கதையவே திரும்பச் சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க."

பேச்சு வரவில்லை. இரண்டு சிப்பாய்கள் பேராசிரியரின் அக்குளில் கை கொடுத்து, மரியாதையாகவே தூக்கி ஓரமாக வைத்தார்கள். என்னை அவ்வளவு மரியாதையாக இழுக்கவில்லை. வத்ஹாவை இழுத்த விதத்தை நான் எழுதப் போவதில்லை.

கூரை விழுந்த புழுதி அடங்கும் முன் போன் அடித்தது.

"கெடைச்சிருச்சு ஷிம்ரித்!" ஓஸ்நாத் சந்தோஷத்தில் கத்தினாள். "அனுப்பிட்டேன், பாரு! வீடு நிக்குதுல்ல?"

போனை வைத்தேன். உத்தரவை யொதாமிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தான். உண்மையிலேயே வருத்தப்பட்டான், அதுதான் தாங்க முடியவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினான்.

வத்ஹா அதற்குள் இடிபாட்டில் ஏறி, கல்லுக்கடியில் தெரிந்த மெத்தையின் மூலையைப் பிடித்துவிட்டாள். ஜிப்ரீன் கல்லை நகர்த்தினார்.

"ஐயா, தொடாதீங்க," என்றான் யொதாம். "மறு விசாரணை வரைக்கும் உள்ளது உள்ளபடியே இருக்கணும், ரெண்டு தரப்பும் எதையும் மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. கூடாரம்கூடப் போடக் கூடாது."

"யார் சொன்னது?" என்றார் ஜிப்ரீன்.

"நீங்க வாங்குன உத்தரவுதான்."

எல்லோரும் அவிநோவாமைப் பார்த்தோம். அவர் மேலே ஏறி மெத்தையின் இன்னொரு மூலையைப் பிடித்தார்.

மெத்தை வரவில்லை.