தாய்மொழிக் கட்டம்

எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும். இருபத்தோரு வருடமாக இங்கிலீஷ் டீச்சர். என் வகுப்பில் யாராவது தமிழில் வாய் திறந்தால் அன்றைக்குத் தொலைந்தார்கள். ஜக்கம்மாள் அதற்கும் வழி வைக்கவில்லை. இரண்டு வருடமாக அவள் எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். கல்லுளிமங்கி என்று மனசுக்குள் பெயர் வைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் இங்கிலீஷில் பதினொன்று வாங்கினாள். இன்னொரு வருடம் அங்கேயே உட்காரட்டும் என்று பெயில் தாள் எழுதி வைத்து, பள்ளி திறந்த வாரமே அவள் அம்மாவை வரச் சொன்னேன். வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலை அவருக்கு. ஷிஃப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வந்தார்.

“பெயிலுன்னா சொல்லிருங்க டீச்சர். மில்லுல ஆளு கேக்குறாக. என்னோடயே கூட்டிட்டுப் போயிர்றேன்.”

ஜக்கம்மாள் தரையைப் பார்த்தாள். நான் தாளில் கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றினேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் பவுல்ராஜ் சார் கூப்பிட்டனுப்பினார். வடநாட்டிலிருந்து மில் வேலைக்கு வந்த ஒரு தம்பதி, மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தார்கள். இங்கிலீஷ் டீச்சர் பேசினால் விளங்கும் என்று சார் நினைத்துவிட்டார். பேசினேன். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அந்தத் தாய் ஒரு மாத்திரை அட்டையை நீட்டி, கண் கலங்க என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். தலைவலி போல, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்றார் சார்.

அம்மாவோடு என் பின்னாலேயே வந்திருந்த ஜக்கம்மாள் முன்னே வந்தாள். அந்தத் தாயிடம் இந்தியில் கேட்டாள். மளமளவென்று பதில் வந்தது. நடுவில் தன் அம்மாவிடம் திரும்பி வேறொரு மொழியில் ஏதோ சரிபார்த்துக்கொண்டு எங்களிடம் சொன்னாள்.

“பாப்பாவுக்கு வலிப்பு வருமாம் சார். மத்தியானம் இந்த மாத்திரைய மறக்காமக் குடுக்கணுமாம். வலிப்பு வந்துருச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணுமாம். கையில சாவி கீவி திணிக்கக் கூடாதாம்.”

பவுல்ராஜ் சார் தன் இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாங்கள், வலிப்பென்றால் முதலில் சாவியைத்தான் தேடுவோம். என் கண் முன்னால் ஒரு பிள்ளை மூன்று மொழிகளில் நடமாடியிருக்கிறாள், நான் அவளை ஊமையாக்கி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் என்ன பேசினாய் என்றேன். வீட்டில் தெலுங்குதான் என்றாள். அவள் சேர்க்கைப் படிவம் நினைவுக்கு வந்தது. தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்று இருந்தது. வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் யாரையும் கேட்காமல் ஒரே மூச்சில் எழுதியவள் நானேதான்.

இந்தி எப்படி வந்தது என்று கேட்டேன்.

“எங்க லைன் வீட்டுல பூராம் இந்திக்காரவுகதான் டீச்சர். நான் தப்பாச் சொல்லுவேன், அவுக சிரிப்பாக. அவுக தமிழத் தப்பாப் பேசுவாக, நான் சிரிப்பேன். அப்படியே வந்துருச்சு.” தரையைப் பார்த்தபடியே சேர்த்துச் சொன்னாள். “உங்க வகுப்புல தப்பு நான் மட்டும்தான டீச்சர் பண்றேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த பெயில் தாளைக் கிழித்தேன். இவள் பத்தாவதுக்குப் போகிறாள், மில் பேச்சே கூடாது என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். பஞ்சுத் தலையோடு அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பத்தாம் வகுப்பில் பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன். மத்தியானம் அந்தக் குழந்தையிடம் மாத்திரை சாப்பிட்டாயா என்று நான்தான் இந்தியில் கேட்டாக வேண்டும், ஜக்கம்மாள்தான் சொல்லித்தர வேண்டும் என்றேன். அவள் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் மோசம்.

ஜக்கம்மாள் தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நோ டீச்சர். யூ சே ராங். ஐ சே ஸ்லோ. யூ ஹியர்.”

இரண்டு வருடத்தில் அவளிடமிருந்து வந்த முதல் இங்கிலீஷ். பிழைகளை நான் எண்ணவில்லை. யெஸ் ஜக்கம்மாள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.