சுகருக்குச் சீனி

டாக்டர் நிலோஃபரைப் பார்த்த நிமிடமே எனக்குப் பிடிக்கவில்லை. மெட்ராசிலிருந்து வந்தவள். எங்கள் மீட்பு மையத்தில் எந்த மிருகம் என்ன தின்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்கிறது, சாணத்தில் என்ன தங்குகிறது என்று ஆறு மாதம் ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். தீவனக் கொட்டடி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "இங்க யாரு பொறுப்பு?" என்றாள். எதிரே அரிவாள்மணையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அவளோ என்னைத் தாண்டி, தச்சநல்லூரிலிருந்து காய்கறி இறக்க வந்த பேச்சிராஜைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்தான். டார்லின். பதினோரு வருசமா நான்தான் எல்லாத்துக்கும் தீனி வைக்குதேன்" என்றேன்.

"ரெஜிஸ்டர் குடுங்க."

அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, பெயரைத் திருப்பிச் சொல்வது கிடையாது. முதல் இரண்டு நாளும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து என் பதிவேட்டைப் புரட்டினாள். கொட்டடிக்குள் ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சீனியவரைக்காய் என்று ஒரு காய் உண்டு. மெட்ராசில் அதற்குக் கொத்தவரங்காய் என்று பெயராம். பதிவேட்டில் கட்டம் சின்னது. 'சீனி 300' என்றுதான் நான் எழுதுவேன். பேச்சிராஜும் 'சீனி ஒரு கூடை' என்று சொல்லித்தான் இறக்குவார். கொட்டடியில் வேறு சீனிக்கு வேலையே இல்லை. டீ குடிக்க வேண்டுமானாலும் வெளியே கடைக்குத்தான் போக வேண்டும்.

அந்த முந்நூறு கிராமும் எஸ்தருக்கு. எஸ்தர் ஒரு கருமந்தி. தாய் மணிமுத்தாறு ரோட்டில் கரண்ட் கம்பியில் அடிபட்டுச் செத்தபோது, அதன் வயிற்றைப் பிடித்தபடி இருந்த குட்டி. இலை தின்கிற சாதி அது. பழம் கொடுத்துக் கெடுக்கக் கூடாது என்பது எனக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். ஆனால் வெறும் இலையைத் தொடாது. சீனியவரைக்காயைப் பொடிப்பொடியாக நறுக்கி அகத்தியிலும் பூவரசிலும் பிசிறிக் கொடுத்தால்தான் தின்னும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. எனக்குப் பட்டம் கிடையாது, அதனால் அது ஆராய்ச்சி ஆகாது.

மூன்றாம் நாள் எஸ்தரை வலை போட்டு அமுக்கி ரத்தம் எடுத்தாள். மத்தியானம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூண்டு கழுவுகிறவர்கள், பேச்சிராஜ், ஆபீசர் திருஞானசம்பந்தம் எல்லாரும் நின்றார்கள்.

"இதுக்கு சீனி போடறீங்களா?"

"ஆமா."

"தினமுமா?"

"தெனமும் முந்நூறு கிராம். ஏழு வருசமா."

"அதுக்கு ரத்தத்துல சுகர் எவ்ளோ ஏறியிருக்கு தெரியுமா?"

"வலையப் போட்டு அமுக்கினா உங்களுக்குந்தான் ஏறும். சுகருக்குச் சீனி நல்லதுதான மேடம்? எங்க வீட்டுக்காரவுகளும் தெனமும் சாப்பிடுதாவ. டாக்டரே சொல்லியிருக்காரு."

"என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

"கிண்டல் பண்ண நீங்க எனக்கு மதினியா? சீனி இல்லாட்டா அது ஒரு எலகூடத் தொடாது, அதச் சொல்லுதேன்."

"அடிமையாக்கி வச்சிருக்கீங்க! ஒரு வாயில்லா ஜீவனுக்கு இப்படி விஷம் வைக்க உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

ஒரு காய்க்குப் போய் மனசாட்சியை இழுக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க வாறதுக்கு முன்னாலயே அது உசுரோடதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். சீனி உடனடி நிறுத்தம். திங்கட்கிழமை விசாரணை. அதுவரை எனக்கு வாசல் கேட்டில் வேலை, பார்வையாளர்களின் பையைச் சோதிக்க. கொட்டடிச் சாவியை நிலோஃபர் வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்ப் பார்க்காமலே, கூடையில் கிடந்த காயையெல்லாம் மான்களுக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, எஸ்தருக்கு இலையும் பாக்கெட் தீவன உருண்டையும் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கிளாசை எடுத்துக்கொண்டே, "யக்கா, சீனி போடவா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீனி போடறீங்களா. தினமுமா. சுகர் ஏறியிருக்கு. அவள் கேட்டது ஒவ்வொன்றும், நான் சொன்னது ஒவ்வொன்றும் வரிசையாக வந்து நின்றன. முந்நூறு கிராம் சர்க்கரையை ஒரு குரங்குக்கு ஏழு வருசமாக ஊட்டினேன் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது. டீயை வாங்கி நின்று நிதானமாகக் குடித்தேன்.

கேட்டிலிருந்து ஆபீசுக்கு நூறு அடிகூட இருக்காது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து என்னை விஷம் வைத்தவள் என்றாள் அல்லவா? எல்லார் முன்னாலும்தான் அவள் முகம் தொங்க வேண்டும். திங்கட்கிழமை வரட்டும் என்று இருந்தேன். அந்த நான்கு நாளும் எனக்கு நல்ல தூக்கம்.

சனிக்கிழமை பேச்சிராஜ் கேட்டில் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏக்கா, எஸ்தரு எலையத் தொடலியாம். அந்த உருண்டையத்தான் பசிக்குத் தின்னுருக்கு. வயிறு பானை கணக்கா ஊதிக் கெடக்கு. நீ போய் என்னன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

"திங்கக்கெழம சொல்லுதேன்."

"அது திங்கக்கெழம வரைக்கும் கெடக்குமா?"

"அவுகதான் பெரிய டாக்டரு. பாத்துக்கிடுவாவ."

கூண்டுப் பக்கம் நிலோஃபர் தரையில் உட்கார்ந்திருப்பது கேட்டிலிருந்தே தெரிந்தது. நெல்லையிலிருந்து கால்நடை டாக்டரை வரவழைத்திருந்தாள். துணியை நனைத்து நனைத்து எஸ்தரின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிடந்து தவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவளைத்தான் நினைத்தேன். எஸ்தரை நினைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது எஸ்தர் செத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை விசாரணை. ஆபீசர் மேசைக்குப் பின்னால் இருந்தார். நிலோஃபர் மூன்று நாளாகத் தலை சீவாதவள் மாதிரி இருந்தாள். நான் கொண்டுபோன பையை மேசைமேல் கவிழ்த்தேன். காய் சிதறி அவள் காகிதங்களின்மேல் விழுந்தது.

"இதுதான் நான் போட்ட சீனி" என்றேன்.

"இது கொத்தவரங்காய்."

"உங்க ஊர்ல. எங்க ஊர்ல இது சீனியவரைக்கா. நாங்க சீனின்னு சொல்லுவோம்."

ஆபீசர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் விக்கிரமசிங்கபுரத்துக்காரர், அவருக்குத் தெரியாத காயா? ஆனால் அவரும் பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கவில்லை. நிலோஃபர் ஒரு காயை எடுத்து உடைத்தாள். அதன் நாரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது முகத்தில் தெரிந்தது. நான்கு நாளாக நான் காத்திருந்த முகம் அதுதான். ஆனால் அதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

"என்கிட்ட கொட்டடிக்கு வந்து பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு அவளே, "நான்தான் வந்து பார்த்திருக்கணும்" என்றாள். உடைத்த காயை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள். "நான் சர்க்கரைன்னு நினைச்சிட்டேன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

கதவோரம் பேச்சிராஜ் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"இப்பத்தான் மேடம்" என்றேன்.

அவள் எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னிச்சிடுங்க என்று அழுதாள். கொட்டடிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டையும் நான் வாங்கிக்கொண்டேன்.