நாற்பது பேருக்கு எத்தனை சகன்?

புது மாப்பிள்ளை சுஹைலுக்குப் பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மேலப்பாளையத்தில் மாமியார் வீட்டு முதல் விருந்து. பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சகன் என்ற பெரிய தட்டிலிருந்து பிரியாணி வாசம் மூக்கைத் துளைக்கிறது. கூடத்து வாசலைக் கை விரித்து மறித்து நிற்கிறாள் கொழுந்தியாள் தஸ்மியா. அவள் போடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மாப்பிள்ளை சோற்றில் கை வைக்க முடியாது. அந்த வீட்டு வழக்கம் அது.

மற்ற மாப்பிள்ளைமாருக்கெல்லாம் விடுகதையோடு போயிற்று. இவனுக்கு மட்டும் கணக்கு. எல்லாம் வாயால் வந்த வினை. நிச்சயம் முடிந்த நாளிலிருந்து தோஹாவிலிருந்து தினமும் பெண்ணுக்குப் போன் போட்டு, "கணக்குன்னா நான் புலி, அர்வா. இங்க இஞ்சினியரே என்கிட்டதான் கேக்காரு" என்று அளந்து தள்ளினான். அவளும் "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள். அந்த அர்வா இப்போது திரைக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் முன்னால் மானம் போனால் அப்புறம் என்ன மிச்சம்?

"நல்லாக் கேளுங்க மச்சான்," என்றாள் தஸ்மியா. "சகன் எத்தனை வைக்கோமோ, அதைவிட மூணு கம்மியா ஒவ்வொரு சகனைச் சுத்தியும் ஆள் உக்காருதாங்க. மொத்தம் நாப்பது பேரு. சகன் எத்தனை?"

தாளும் பேனாவும் தயாராக வைத்திருந்தாள் படுபாவி. சுஹைல் சகனுக்கு x என்று போட்டான். ஒரு சகனுக்கு ஆள் x-3, இரண்டையும் பெருக்கினால் நாற்பது. x²-3x-40=0. இதுவரை வந்ததே அல்லாஹ் கிருபை. பெருக்கினால் மைனஸ் நாற்பது, கூட்டினால் மைனஸ் மூன்று வருகிற இரண்டு எண்கள் வேண்டும். எட்டும் ஐந்தும் சிக்கின. மைனஸை எதற்குப் போடுவது? மாமியார் மும்தாஜ் பேகம், "மாப்பிள்ளைய விடுட்டி, சோறு ஆறுது" என்று சத்தம் போட, அவசரத்தில் ஐந்துக்குப் போட்டுவிட்டான். (x+8)(x-5).

"அஞ்சு சகன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"அஞ்சு சகன்னா, சகனுக்கு ரெண்டு பேரு. மொத்தம் பத்து. மிச்சம் முப்பது பேரைப் பட்டினியா அனுப்பவா மச்சான்?"

வீடே சிரித்தது. சுஹைலுக்குக் காது சிவந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் நல்லது என்றிருந்தது.

"மைனஸை எட்டுக்குப் போடச் சொல்லு, தஸ்மியா," என்றது திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல். "எட்டு வரும், மைனஸ் அஞ்சும் வரும். மைனஸ் அஞ்சு சகன் எந்தக் கடையிலயும் வாடகைக்குக் கிடைக்காது. அதைத் தள்ளிட்டா எட்டு. சகனுக்கு அஞ்சு பேரு."

திரையை விலக்கிக்கொண்டு அர்வா வந்தாள். கேள்வி யாருடையது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"உனக்கு எப்படி..."

"பி.எஸ்ஸி. கணக்கு. போன மாசம் வரைக்கும் பத்தாம் கிளாஸுக்கு இதைத்தான் நடத்துனேன்."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

போனில் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தான். பேசியது முழுக்க அவன்தான். வெட்கமாக இருந்தது.

"இன்னும் என்னெல்லாம் கேக்காம விட்டிருக்கேன், அர்வா?"

அர்வா தங்கையின் கையை விலக்கி வழிவிட்டாள்.

"உக்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே ஒவ்வொண்ணாக் கேளுங்க."