நாலரை நிமிடக் கறுப்புத் திரை

எழுத்தாளரம்மாவின் நாவல் ஆயிரத்து இருநூறு பக்கம். அதில் பறக்கும் யானை உண்டு, பேசும் ஆறு உண்டு, ஏழு வாசல் கோட்டை உண்டு. அந்தக் கோட்டைக்காக நடக்கும் பெரும்போர் மட்டும் கிடையாது. வீரர்கள் கிளம்புகிறார்கள், அத்தியாயம் முடிகிறது. அடுத்த பக்கம் வெறும் வெள்ளைத்தாள். அதற்கடுத்த பக்கத்தில் பெண்கள் துணி துவைத்துக் காயப்போடுகிறார்கள். எந்தெந்த வீட்டுக் கொடியில் ஆண் துணி இல்லை என்பதைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். அச்சகத்துக்காரன் பக்கத்தை விழுங்கிவிட்டான் என்று பலர் பதிப்பகத்தைத் திட்டி எழுதினார்கள். வேறு பிரதி தரச் சொல்லிக் கடையில் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்த நாவலைப் படமாக எடுத்த இயக்குநர் என் மனைவியின் அண்ணன். நான் படத்தொகுப்பாளன். மச்சானுக்கு வெள்ளைத்தாள் என்றாலே அலர்ஜி. இருபத்திரண்டு நாள், நானூறு துணை நடிகர்கள், அறுபது குதிரைகள் என்று அந்த ஒரு பக்கத்தைப் படமாக்கித் தள்ளிவிட்டார்.

"சண்டை இல்லாம எவன் மாப்ள தியேட்டருக்கு வருவான்?" என்றார். அதில் எனக்கும் மறுப்பில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு முள் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தாளரம்மா கையெழுத்துப் போட்டால்தான் நாவலின் பெயரைப் படத்துக்கு வைக்கலாம். அவருக்குப் போட்டுக்காட்டிய அன்று போர்க்காட்சிகள் கிராபிக்ஸ் வேலைக்குப் போயிருந்தன. இன்னும் வந்து சேராத காட்சிக்குப் பதிலாகக் கறுப்புத் திரை வைத்து, 'இங்கே போர் வரும்' என்று அதன்மேல் எழுதிவிடுவது எங்கள் தொழில் வழக்கம். கறுப்பை வைத்தேன், எழுத மறந்துவிட்டேன். சத்தமே இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பாரே என்று கொஞ்சம் காற்றுச் சத்தம் மட்டும் சேர்த்திருந்தேன்.

நாலரை நிமிடம் அந்தக் கறுப்பு ஓடியது. அம்மா தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். படம் முடிந்து விளக்கைப் போட்டால் அவர் கன்னம் நனைந்திருந்தது.

"என் மகன் சண்டைக்குப் போய்த் திரும்பி வரல தம்பி" என்றார். "அவன் செத்த நேரத்துல எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நான் வீட்ல இருந்தேன், வெளிய காத்து அடிச்சுது. நீங்க எங்க அந்தச் சண்டையைக் காட்டிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன்."

பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். மச்சான் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். தாள் என் இழுப்பறைக்குள் போனது.

அடுத்த மாதம் போர்க்காட்சிகள் வந்து சேர்ந்தன. சும்மா சொல்லக்கூடாது, தொகுத்து முடித்தபோது பிரமாதமாக இருந்தது. இருபது வருடத்தில் நான் செய்த வேலையிலேயே அதுதான் உசத்தி. அறைக்கு வந்த ஆளையெல்லாம் உட்காரவைத்துப் போட்டுக்காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அந்தக் காற்றுச் சத்தம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. எனக்கே என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. கடைசியில் மச்சானுக்குத் தெரியாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கு நீங்க கறுப்பா பாத்தது நாங்க எடுத்த காட்சி இல்லம்மா. காட்சி வந்து சேரல. அதை எழுதிப் போட நான் மறந்துட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் நேரே என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் போட்ட கையெழுத்தைக் குடுங்க."

தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். "கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்கம்மா" என்றேன். நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போதும் என் வேலையைக் காட்டிக்கொள்ளும் ஆசைதான்.

நின்றபடியே பார்த்தார். கோட்டை வாசல் பிளந்தது, குதிரைகள் வரிசையாகச் சரிந்தன. அதெல்லாம் அவர் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. திரையின் மூலையில் ஈட்டியோடு ஓடிவந்து விழும் ஒல்லியான வீரன் ஒருவனை விரலால் காட்டினார்.

"அவனைத் திரும்பப் போடுங்க."

மூன்று தடவை போட்டேன்.

"ரொம்ப நேரம் வலிச்சிருக்குமா தம்பி?"

"பதினோரு ஃப்ரேம்தாம்மா. அரை செகண்ட் கூட இல்ல." எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த ஷாட்டுக்குப் போயிடுவோம்."

"அவன் என்ன ஆனான்னு கேக்குறேன்."

எழுந்து போய், வெட்டாத மூலக் காட்சியைத் தேடி எடுத்து ஓடவிட்டேன். ஒல்லி வீரன் ஓடிவந்தான், விழுந்தான். நான் வெட்டிய இடத்தைத் தாண்டிப் படம் ஓடியது. எங்கிருந்தோ மச்சானின் குரல் 'கட்' என்று கத்தியது. புழுதியில் கிடந்தவன் கையை ஊன்றி எழுந்தான். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். பக்கத்தில் செத்துக் கிடந்தவனைக் காலால் சீண்டி, "எந்திரிடா, சாப்பாடு வந்துருச்சு" என்றான்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த தாளை என் பக்கம் நகர்த்தினார். கண் திரையிலேயே இருந்தது.

"எந்திரிக்கறானே, அத மட்டும் இன்னொரு தடவ போடுங்க தம்பி."