ஈரத் துண்டு

குரங்கணிக்கு மேலே பொழுது விடிவது அழகு என்று மலையேற வருகிறவர்கள் சொல்வார்கள். ஏலக்காட்டில் குத்தவைத்துக் காயெடுக்கிறவர்களுக்கு அந்த அழகைப் பார்க்க நேரம் கிடையாது. காய்க்கும் சரம் செடியின் தூரில் மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். ஈரச் சருகில் குந்தி, இலையை விலக்கி, விளைந்த காயை மட்டும் கிள்ள வேண்டும். அட்டை காலில் ஏறும். இடுப்பு கழன்றுவிடும். கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், கங்காணி காசிராஜன் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வரும்.

பூச்சிமருந்தடித்த காட்டுக்குள் சில நாள் யாரும் இறங்கக் கூடாது என்பது தோட்டத்து வழக்கம். அந்த வாரம் போடியில் ஏலக்காய் விலை ஏறிவிட்டது. முதலாளி தங்கபாண்டியனுக்குக் காயும் வேண்டும், பூச்சியும் சாக வேண்டும். ஆகவே மேல்சரிவில் மருந்தடிப்பு, கீழ்ச்சரிவில் காயெடுப்பு. காற்று என்ன முதலாளி கையாளா? மருந்தை அள்ளிக்கொண்டு வந்து பெண்களின் தலையில் கொட்டியது.

எல்லாரும் மூக்கில் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார்கள். மிஷன் மருந்தக நர்சு கிருபாராணி கிறிஸ்துமசுக்குக் கொடுத்த துண்டுகள். "மருந்து வாடை வந்தா நனைச்சுக் கட்டுங்கக்கா" என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். தோட்டத்து ஓரத்தில் ஒற்றை அறை மருந்தகம். சபையில் பெரிய மனிதரான தங்கபாண்டியன் கட்டிக்கொடுத்தது. கிருபாராணி மாத்திரை கொடுக்குமுன் கண்ணை மூடி ஜெபம் செய்வாள்.

"தலைவலி போறது ஏசப்பாவாலயா, மாத்திரையாலயா சிஸ்டர்?" என்று சீண்டுவாள் காயெடுக்கிற ராமுத்தாய்.

"அதை அவங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிருவாங்க. நீங்க முழுங்குங்க."

அன்று காலையில், காயெடுக்க வந்தவர்களில் ஒருத்தியான செல்லக்கிளி துண்டை ஓடையில் நனைத்தாள். அந்த ஓடையின் மேல்முனையில்தான் மருந்து டிரம்மைக் கழுவிக் கொட்டினார்கள். மலைத் தண்ணீர் சுத்தம் என்று பிறந்ததிலிருந்து நம்பி அள்ளிக் குடித்த சனம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாரும் நனைத்துக் கட்டினார்கள். செல்லக்கிளிக்கு வேர்வை அதிகம். அவள் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் திரும்பத் திரும்ப நனைத்தாள்.

வெயில் ஏறுவதற்குள் அவள் செடிக்குள்ளேயே சாய்ந்தாள். வாயில் நுரை தள்ளியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. சாக்கு சுமந்துகொண்டிருந்த அவள் புருசன் சுருளி, சாக்கைப் போட்டுவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினான். பெண்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

கிருபாராணி இமையை விரித்துப் பார்த்தாள். கண்மணி கடுகளவு சுருங்கிக் கிடந்தது. இருந்த ஊசியைப் போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய துண்டை மோந்தாள். முகம் செத்துப்போயிற்று.

"எங்க நனைச்சீங்க?"

"ஓடையிலதான்" என்றாள் ராமுத்தாய்.

"அய்யோ, துண்டைக் குடுத்தேனே! மருந்தடிக்கிறதை நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போனேனே!" கிருபாராணி தலையில் அடித்துக்கொண்டாள். மறு நொடியே எழுந்தாள். "இங்க இருக்கிற ஊசி பத்தாது. போடி ஆஸ்பத்திரிக்கு வெரசாக் கொண்டுபோகணும். மிஷன் ஜீப்பு சாவி எங்க?"

அந்த ஜீப்பையும் ஓட்டுகிற காசிராஜனிடம்தான் சாவி இருந்தது. சத்தம் கேட்டு அவனும் மருந்தகத்து வாசலுக்கு வந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில், காய் பார்க்க வந்த தங்கபாண்டியன் நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு சிஸ்டர் ஆஸ்பத்திரி? அங்க போனா போலீசு வரும், பேப்பர்ல வரும். இங்கயே வச்சுப் பாருங்க. நல்லா ஜெபம் பண்ணுங்க. கர்த்தர் சுகம் குடுப்பாரு."

"ஜெபம் பண்ணியாச்சுங்கய்யா. கர்த்தர் ஜீப்பை எடுக்கச் சொல்றாரு."

"கட்டடம் நான் கட்டுனது. ஜீப்பு நான் சபைக்கு வாங்கிக் குடுத்தது. நெனப்பு இருக்கட்டும்."

"இந்த உசுரு நீங்க வாங்கிக் குடுத்தது இல்லை."

சுருளி சாவிக்குப் பாய்ந்தான். காசிராஜன் சாவியைப் பள்ளத்தில் வீசினான். கையிலிருந்த மருந்தடிக்கும் பித்தளைக் குழாயை ஓங்கிச் சுருளியின் மண்டையில் இறக்கினான். சுருளி மண்டிபோட்டு விழுந்தான். விழுந்தவனை விடாமல் மறுபடி ஓங்கியபோது கிருபாராணி குறுக்கே புகுந்தாள். குழாய் அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. அவள் நகரவில்லை.

"அடிறா! பாக்குறேன், எத்தனை பேரை அடிப்பேன்னு!" ராமுத்தாயின் குரல் காட்டைக் கிழித்தது. கையோடு கொண்டுவந்த காய் வாளியைத் தலைக்கு மேல் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். பல் உடைந்து தெறித்தது. அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், யார் அடிக்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. வருசக்கணக்காகக் குனிந்து கிடந்த பெண்கள் நிமிர்ந்து அடித்தார்கள். குழாய் அவன் முதுகிலேயே வளைந்தது. கிருபாராணிதான், "போதும், செத்துருவான்! செல்லக்கிளியைத் தூக்குங்க!" என்று கத்திப் பிரித்துவிட்டாள். அவன் செத்திருந்தாலும் இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அழுகை வந்திருக்காது. அவளுக்கு வந்திருக்கும். அது அவள் குணம்.

தங்கபாண்டியன் ஓடிப்போய்த் தன் ஜீப்பைத் தோட்டத்து வாசலில் குறுக்கே நிறுத்தினார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம்.

"ஒருத்தியும் வெளிய போக முடியாது!"

"எறங்குங்க முதலாளி" என்றாள் ராமுத்தாய். "ஜீப்போட போயிராதீங்க."

அவர் சிரித்தார். பெண்கள் ஜீப்பின் அடியில் கை கொடுத்ததும் சிரிப்பு நின்றது. சாவியை உருவிக்கொண்டு கதவைத் திறந்து குதித்தார். மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய தோள்கள் ஒரே மூச்சில் எழுந்தன. ஜீப்பு சாய்ந்தது, புரண்டது, மரங்களை முறித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. அந்தச் சத்தம் பக்கத்துத் தோட்டம் வரை கேட்டது.

கம்பளியில் செல்லக்கிளியைக் கிடத்தி, நான்கு முனையையும் பிடித்துக்கொண்டு மலையிறங்கினார்கள். தலையில் சேலைக்கிழிசலைக் கட்டிக்கொண்டு சுருளி தள்ளாடித் தள்ளாடி வந்தான். பாதி வழியில் வேறொரு தோட்டத்து ஜீப்பு லோடு ஏற்றிக்கொண்டு வந்தது. டிரைவர் பெண்களையும் ரத்தத்தையும் பார்த்தான். ஏலக்காய் மூட்டைகளை எல்லாம் ரோட்டில் உருட்டித் தள்ளினான்.

"உங்க முதலாளி கேக்க மாட்டாரா அப்பு?" என்றாள் ஒருத்தி.

"கேக்கட்டும். ஏத்துங்கத்தா!"

மறுநாள் விடிகாலை. செல்லக்கிளிக்குத் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். போலீசு வந்தது. முதல் வழக்கு முதலாளியின் ஜீப்பைத் தள்ளியதற்காம். சபையிலிருந்து கிருபாராணிக்குப் போன் வந்தது. மருந்தகத்தைப் பூட்டிவிட்டார்களாம், அவளுக்கு இனி அங்கே வேலை இல்லையாம்.

காயெடுக்க ஆள் ஏற்றிப் போகும் தோட்டத்து ஜீப்புகள் வழக்கம்போல் ஊருக்குள் வந்து ஆரன் அடித்தன. ஒருத்தியும் ஏறவில்லை. செய்தி கேட்டு அயல்தோட்டத்துப் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து குவிந்தார்கள். தேவாரம் ஊரிலிருந்து ஒரு கூட்டம் முதல் பஸ்சில் வந்து இறங்கியது. "எங்க காட்டுலயும் இதே கதைதான்" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. "போன மழைக்கு என் தங்கச்சியை வாரிக் குடுத்தேன். பித்தம்னு சொல்லிப் பொதைச்சிட்டோம்."

சுருளி எழுந்து வந்து கிருபாராணி முன் நின்றான். தலையில் கட்டு. கண் சிவந்திருந்தது.

"சிஸ்டர், உங்க சாமிகிட்ட அவளுக்காக ஜெபம் பண்ணுங்க."

"ராத்திரியெல்லாம் பண்ணுனேண்ணே. இன்னும் பண்ணுவேன். ஆனா இன்னிக்குத் தேனியில, கலெக்டர் ஆபீசு வாசல்ல வச்சுப் பண்ணப் போறேன். மருந்தடிச்ச காட்டுல ஆளை எறக்கக் கூடாதுன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அக்காமாரு எல்லாரும் கூட வரணும்."

"எனக்கு ஜெபம் தெரியாதே சிஸ்டர்" என்றாள் ராமுத்தாய்.

"கத்தத் தெரியுமில்ல?"

"அது நல்லாத் தெரியும்."

ராமுத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். சுருளியை மட்டும் செல்லக்கிளியின் தலைமாட்டில் இருக்கச் சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்தார்கள். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும் வரை கூட ராமுத்தாயால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதுமே கத்த ஆரம்பித்தாள்.