வெட்டுக்கிளி அனுப்பிய திருத்தம்

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருந்தது, எழுந்தால் கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. பார்த்தால் அங்கே எல்லாம் பச்சை. நாலு கம்பைலர், நாலு பச்சைக் குறி. எட்டாவது தடவையாகச் சோதனையை ஓட்டினாள். மறுபடியும் அதே நாலு பச்சை.

கம்பைலர் என்பது மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மென்பொருள். அதில் ஏகப்பட்ட வகை உண்டு. ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றுக்கு ஆகாது. மாமியார்களைப் போல என்பாள் அவள், தன் மாமியார் பக்கத்தில் இல்லாத சமயமாகப் பார்த்து. எந்தக் கம்பைலரும் முகம் சுளிக்காத ஒரு சின்ன லைப்ரரியை, அதாவது மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை, ஆறு வருஷமாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று இணையத்தில் வைத்திருக்கிறாள். வெப்பமானியிலிருந்து வரும் அளவைப் படித்துச் சொல்வது அதன் வேலை. முதல் பக்கத்திலேயே 'எங்கும் ஓடும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். அந்த இரண்டு சொல்லைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வினை நேற்று தம்பி செய்த ஃபோனில் வந்தது. மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு எச்சரிக்கை மணி தயாரிக்கும் கம்பெனியில் அவனுக்கு முதல் வேலை. ஆறு மாத சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மூன்று மணிக்கு மேலாளர் சொல்லிவிடுவார். அவன் செய்த மணிக்குள் இருப்பது அக்காவின் லைப்ரரி. பெட்டி சில்லென்று நன்றாகவே இருக்கும்போதும் மணிகள் சும்மா சும்மா அலறியதால், விற்ற நாற்பதும் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டன.

"அக்கா, உன் லைப்ரரியில ஏதாவது..."

"என் லைப்ரரியில ஒண்ணுமில்ல. உன் வயரைப் பாரு."

"பாத்துட்டேன்க்கா. எனக்கு என்ன தோணுதுன்னா..."

"உனக்குத் தோணுறதெல்லாம் அப்புறம். நாலு கம்பைலர்ல ஓட்டிட்டேன்டா. இங்க நல்லாத்தான் ஓடுது."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான். அந்த 'சரிக்கா'தான் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. டிவி ரிமோட்டுக்காக வீட்டை இரண்டாக்கிய பயல் அவன். அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை.

பதினோரு மணிக்கு மேல் அவளால் முடியவில்லை. லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். காலி சீட் இருந்தும் நின்றுகொண்டே போனாள். சிக்னலுக்குச் சிக்னல் டிரைவரை மனசுக்குள் திட்டினாள். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார், சிவப்பு விழுந்தால் நிற்கத்தானே வேண்டும்.

கம்பெனியின் சோதனை அறை ஒரு ஷட்டருக்குப் பின்னால் இருந்தது. சுவரோரமாக ஓர் ஆள் உயரக் குளிர்பெட்டி. திரும்பி வந்த மணிகள் அட்டைப் பெட்டிகளில் அப்படியே கிடந்தன. நடுவில் ஸ்வெட்டர் போட்டபடி தம்பி. ஆறு மாதத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தான்.

"நீ ஏன்க்கா வந்த?"

"ஏன், வரக்கூடாதா? மணியை உள்ள வை. ஸ்க்ரீன்ல என்ன நம்பர் வருதுன்னு சொல்லு."

வைத்த இரண்டாவது நிமிஷம் மணி அலறியது.

"இருநூத்தி அம்பத்திரண்டு."

"உள்ள நிஜமா எவ்வளவு?"

"மைனஸ் நாலு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கணக்கே போட வேண்டியிருக்கவில்லை. இருநூற்று ஐம்பத்தாறில் நாலைக் கழித்தால் இருநூற்று ஐம்பத்திரண்டு. வெப்ப அளவை அவள் இருநூற்று ஐம்பத்தாறு எண்களுக்கு மட்டுமே வழியுள்ள மிகச் சின்ன இடம் ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். அந்த இடத்தில் மைனஸ் எண் வருமா வராதா என்று எழுதுகிறவர் சொல்லாவிட்டால், கம்பைலர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொள்ளும். அவள் சொல்லவில்லை. அவளுடைய நாலு கம்பைலரும் 'வரும்' என்று எடுத்துக்கொண்டன. தம்பியின் கம்பைலர் 'வராது' என்று எடுத்துக்கொண்டு, மைனஸ் நாலை இருநூற்று ஐம்பத்திரண்டாக்கிவிட்டது. நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரைக் கேட்டேன் என்று மார்தட்டினாளே, அந்த நாலும் ஒரே வகை கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

"இந்த வரியில இந்தச் சொல்லைச் சேக்கணும்னு போன மாசம் ஒருத்தன் திருத்தம் அனுப்பினான்டா. வெட்டுக்கிளின்னு பேரு. நான்தான் ஓட்டிக்கூடப் பாக்காம..."

தம்பியின் காது சிவந்ததைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

"நீயா?"

அவன் ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"தம்பின்னு தெரிஞ்சா எனக்காகச் சேத்துக்குவ. சரியா இருந்தா சேத்துக்கட்டும்னு நெனச்சேன்."

அவள் எழுதிய பதில் சொல்லுக்குச் சொல் நினைவுக்கு வந்தது. 'தேவையில்லை. மொழியை ஒழுங்காகப் படித்துவிட்டு வரவும்.' எழுத ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"நேத்தாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீதான் தேவையில்லன்னு எழுதிட்டியே. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஆறு வருஷமா எழுதுறவளுக்குத் தெரியாதா, எனக்குத்தான் புரியலன்னு விட்டுட்டேன். வெளி லைப்ரரியில நாங்க கை வைக்கவும் கூடாது, இங்க ரூல் அப்படி. அதான் ஒரு மாசமா வயரையே பிரிச்சுப் பிரிச்சுக் கோக்குறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "காலையில அறிக்கை குடுத்துட்டேன்க்கா. என் கவனக்குறைவுன்னு எழுதி."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன, இரண்டும் தன் மேலேயே. ஓர் அட்டைப் பெட்டி மேலேயே லேப்டாப்பை வைத்து அந்தச் சொல்லைச் சேர்த்தாள், புதிய பதிப்பை வெளியிட்டாள். தவறு யாருடையது, சரியாகச் சொன்னவர் யார் என்பதையும் அங்கேயே எழுதினாள். அவசரத்தில் மூன்று தடவை தப்பாக அடித்தாள். தம்பி அதை இறக்கி மணிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தபோது கையில் அறிக்கையோடு மேலாளர் உள்ளே வந்தார்.

"இவங்க யாரு?"

"அந்த லைப்ரரி எழுதினவ. இவனுக்கு அக்கா. தப்பு என்னுது சார். இவன் போன மாசமே கண்டுபிடிச்சுச் சொன்னான். நான் படிச்சுட்டு வான்னு சொல்லித் துரத்திட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மேலாளர் லேப்டாப் திரையைக் குனிந்து முழுதாகப் படித்தார். அதற்குள் தம்பி மணியைக் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தான். அதையும் எட்டிப் பார்த்தார். மணி அலறாமல் இருந்தது. திரையில் மைனஸ் நாலு. அவர் அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கண்டுபிடிச்சதைக் கடைசிவரைக்கும் சொல்லக் கத்துக்கோங்க தம்பி. நாளையிலேர்ந்து எப்பவும் போல வாங்க." அவள் பக்கம் திரும்பினார். "எங்கும் ஓடும்னு போட்டிருக்கீங்களே, அதை முதல்ல எடுங்க."

"எடுத்துட்டேன் சார்."

அவர் போன பிறகு தம்பி மணியைப் பார்த்தான், மடமடவென்று நாலைந்து தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தான். எல்லாத் தடவையும் மைனஸ் நாலு. அதற்குப் பிறகு அவளிடம் கேட்டான்.

"அக்கா, அப்ப நான் சொன்னது சரிதானா?"

கண்ணெதிரே எண் எரிகிறது, வேலை நிலைத்துவிட்டது, மேலாளரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியும் அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிதான்டா" என்றாள்.

அவன் தலையாட்டினான். ஆனால் நகரவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள்.